யானை எங்கே நிற்கிறது என்று தெரிந்தால்: வால்பாறையின் சிவப்பு விளக்குகள்

வால்பாறை டவுனில் சாமான் வாங்கிவிட்டு, சாயங்காலப் பேருந்தில் எஸ்டேட்டுக்குத் திரும்பும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தத்தில் இறங்கும்போது மணி ஏழாகிவிடுகிறது. மழையோ பனிமூட்டமோ ஏதாவது ஒன்று இருக்கும். அங்கிருந்து லைன் வீட்டுக்கு (தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய எஸ்டேட் வீடு) தேயிலைக்கு நடுவே அரை கிலோமீட்டர் நடக்க வேண்டும், சில இடங்களில் அதற்கும் மேலே. ஒரு கையில் பை, இன்னொரு கையில் டார்ச். இடுப்பளவு செடிகளுக்கு அந்தப் பக்கம் சில்வர் ஓக் மரத்தடியில் யானை அசையாமல் நின்றால், பத்துப் பதினைந்து அடி தூரத்துக்கு வரும்வரை கண்ணில் படாது. பட்ட பிறகு ஓடவும் இடமிருக்காது. யானைக்கும் அதே நிலைதான். திடீரென்று இவ்வளவு கிட்டத்தில் ஒரு மனிதர் வந்து நின்றால் அது மிரண்டு பாய்ந்துவிடும்.

1994க்குப் பிறகு சுமார் இருபது ஆண்டுகளில் இந்தப் பீடபூமியில் யானை தாக்கி இறந்தவர்கள் ஏறத்தாழ நாற்பது பேர். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் இந்த மரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து விசாரித்தார்கள். எந்த இடம், எத்தனை மணி, அவர் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், பக்கத்தில் யானை இருப்பது அவருக்குத் தெரியுமா? பெரும்பாலான மரணங்கள் சாலையிலும் ஒற்றையடிப் பாதையிலும் நடந்திருந்தன, அதுவும் பொழுது சாய்ந்த பிறகு. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அங்கே யானை நிற்பதே தெரிந்திருக்கவில்லை.

யானைக்கு மூர்க்கம் கூடிவிட்டதா, எண்ணிக்கை பெருகிவிட்டதா, காடு சுருங்கிவிட்டதா என்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். அந்த நிறுத்தத்தில் இறங்கியவருக்கு அன்று இரவு தேவைப்பட்டது ஒரே ஒரு தகவல். அது அவருக்குக் கிடைக்கவில்லை. அந்தத் தகவலை அவர் கைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க என்ன செய்தார்கள், அதனால் எது மாறியது, எது மாறவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நடுவில் தேயிலை, சுற்றிலும் காடு

வால்பாறைப் பீடபூமியின் பரப்பு சுமார் 220 சதுர கிலோமீட்டர். முன்பு இது முழுவதும் மழைக்காடு. 1890களில் தொடங்கி அடுத்த சில பத்தாண்டுகளுக்குள் மரங்களை வெட்டித் தேயிலை, காப்பி, ஏலம் என்று வைத்துவிட்டார்கள். ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணிகள் சமவெளியிலிருந்து கூட்டிவந்த குடும்பங்கள்தான் அந்த வேலையைச் செய்தன. அவர்களின் பேரன் பேத்திகள் இன்றும் அதே லைன் வீடுகளில் இருக்கிறார்கள். இப்போது பீடபூமியில் சுமார் 70,000 பேர் வாழ்கிறார்கள். சுற்றிலும் ஆனைமலை புலிகள் காப்பகம், கேரளப் பக்கம் பரம்பிக்குளம், வாழச்சால், இரவிகுளம். எஸ்டேட்டுகளுக்குள்ளேயும் வெட்டாமல் விட்ட மழைக்காட்டுத் துண்டுகள் அங்கங்கே உண்டு.

ஆண்டு முழுவதும் எடுத்துக்கொண்டால் நூறு யானைகள் அளவில் இந்த நிலத்தைப் பயன்படுத்துகின்றன. 'காட்டை விட்டு யானை ஊருக்குள் வந்துவிட்டது' என்று நாளிதழில் படிக்கிறோமே, அந்த வாக்கியம் வால்பாறைக்குப் பொருந்தாது. இங்கே ஊரே யானையின் வழியில்தான் இருக்கிறது. ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போக இந்தப் பீடபூமியைக் கடந்தாக வேண்டும்.

2002 முதல் ஆனந்த குமார் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் யானைக் கூட்டங்களைப் பின்தொடர்ந்து, எங்கே எவ்வளவு நேரம் நிற்கின்றன என்று பதிந்தார்கள். பகலில் அவை இருக்கும் இடங்கள் நடு ஆறு, சோலையாறு ஆகியவற்றின் கரையோர மரக்கூட்டங்களும் மிச்சமிருக்கும் மழைக்காட்டுத் துண்டுகளும்தான். தேயிலையை யானை தின்பதில்லை. தேயிலைக்காடு அதற்கு வெறும் நடைவழி, அதுவும் ஆள் நடமாட்டம் ஓய்ந்த பிறகு. யானை நகரத் தொடங்கும் நேரமும் மனிதர் வீடு திரும்பும் நேரமும் ஒன்றாகிவிடுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

பழைய வழிகள் ஏன் இங்கே எடுபடவில்லை

யானைப் பிரச்சினை என்றால் முதலில் கேட்பது அகழி, இல்லாவிட்டால் மின்வேலி. மழை கொட்டும் மலை இது. வால்பாறைக்குப் பக்கத்துச் சின்னக்கல்லார் நாட்டிலேயே அதிகம் மழை பெறும் இடங்களில் ஒன்று. வெட்டிய அகழி ஒரு மழைக்காலத்திலேயே சரிந்து மூடிக்கொள்ளும். வேலி போடலாம் என்றால் யாரைச் சுற்றிப் போடுவது? நாலாபுறமும் காடு, உள்ளேயும் காட்டுத் துண்டுகள். ஓரிடத்தில் அடைத்தால் யானை பக்கத்து எஸ்டேட் வழியாகப் போகும், அங்கே ஆள் சாவார்.

அடுத்தது விரட்டுவது. பட்டாசு, தகரச் சத்தம், தீப்பந்தம். கூட்டமாகக் கூடி விரட்டினால் யானைக் கூட்டம் சிதறும். குட்டி ஒரு பக்கம், தாய் ஒரு பக்கம் ஆகிவிட்டால் அந்த இரவு முழுக்க அந்த வட்டாரமே ஆபத்தானது. அது மட்டுமல்ல, அந்த எஸ்டேட்காரர்கள் இங்கே விரட்ட, இங்கே இருப்பவர்கள் அங்கே விரட்ட, யானை ஆற்றங்கரையில் அமைதியாகக் கழிக்க வேண்டிய பகல் பொழுது கெட்டுப்போகும். அலைக்கழிந்த யானைதான் மாலையில் சாலைக்கு வருகிறது.

பிடித்துக்கொண்டுபோய் வேறு காட்டில் விடுவதைப் பற்றித் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2019 ஜனவரியில் கோவை தடாகத்தில் பிடித்து டாப்சிலிப் பக்கத்துக் காட்டில் விட்ட சின்னத்தம்பி, சில நாளிலேயே மலையிறங்கி நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து உடுமலைப் பக்கம் வந்து நின்றான். பிப்ரவரியில் மறுபடி பிடித்து மரக்கூண்டில் அடைத்தார்கள். 2023 பிப்ரவரியில் தருமபுரி மாவட்டத்தில் பிடித்து அதே டாப்சிலிப் வட்டாரக் காட்டில் விட்ட மக்னா (தந்தமில்லாத ஆண்) யானை கோவை நகரத்துக்குள்ளேயே நடந்து வந்துவிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் கேரளத்தின் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்ட அரிசிக்கொம்பன் ஒரு மாதத்துக்குள் தேனி மாவட்டத்துக் கம்பம் நகரத் தெருக்களில் ஓடியது. அதையும் மறுபடி மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு யானையைப் பிடிக்கும்போது அந்த ஊருக்கு ஓர் ஆறுதல் கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் பிரச்சினை வேறு ஊருக்கு இடம் மாறுகிறது. வால்பாறையில் நூறு யானைகளைப் பிடித்து எங்கே விடுவது?

கேபிள் டிவியிலிருந்து கம்பத்து விளக்கு வரை

யானை இருக்கிறது, இருக்கப் போகிறது. அப்படியானால் அது இன்று எங்கே இருக்கிறது என்பதை மாலைக்குள் எல்லாருக்கும் சொல்லிவிட முடியுமா? ஆய்வுக்காக யானைகளைப் பின்தொடர்ந்தவர்களிடம் அந்தத் தகவல் ஏற்கெனவே இருந்தது. அதை நோட்டுப் புத்தகத்திலிருந்து மக்களுக்குக் கொண்டுவருவதுதான் பாக்கி.

முதலில் பிடித்தது உள்ளூர் கேபிள் டிவியை. மாலையில் எல்லா வீட்டிலும் டிவி ஓடும். திரையின் அடியில் ஓடும் எழுத்து வரியில் இன்ன எஸ்டேட், இன்ன பகுதியில் யானைகள் நிற்கின்றன என்று போட்டார்கள். நல்ல தொடக்கம்தான், ஆனால் ஓட்டை உடனே தெரிந்தது. டிவி பார்ப்பவர் வீட்டுக்குள் பத்திரமாக இருக்கிறார். ஆபத்தில் இருப்பவர் பேருந்தில் இருக்கிறார்.

அப்புறம் 2011இல் குறுஞ்செய்தி வந்தது. யானை நிற்கும் இடத்திலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் தூரத்துக்குள் வசிப்பவர்களின் எண்களுக்கு மட்டும் செய்தி போகும். இந்த 'மட்டும்' ரொம்ப முக்கியம். பீடபூமி முழுக்க எல்லாருக்கும் எல்லாச் செய்தியும் அனுப்பியிருந்தால் ஒரு மாதத்தில் யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். உங்கள் லைனுக்குப் பக்கத்தில் நிற்கிற யானை பற்றி மட்டும் செய்தி வந்தால், அதைப் படிக்காமல் விடமாட்டீர்கள். எழுத்துப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அதே தகவல் குரல் அழைப்பாகப் போனது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களின் எண்கள் இந்தப் பட்டியலில் சேர்ந்தன.

செல்போன் இல்லாதவர், சார்ஜ் தீர்ந்தவர், சிக்னல் கிடைக்காத பள்ளத்தில் இருப்பவர், அன்றைக்குத்தான் ஊருக்கு வந்தவர்? அவர்களுக்காக வந்ததுதான் சிவப்பு விளக்கு. பேருந்து நிறுத்தம், சாலை பிரியும் இடம், மேட்டு வளைவு என்று எங்கிருந்தும் கண்ணில் படும் இடங்களாகப் பார்த்து, உயரமான கம்பத்தில் சிவப்பு எல்இடி விளக்கு பொருத்தினார்கள். தூரத்திலிருந்தே தெரியும், பார்வை மறைக்காத இடத்தில் ஒரு கிலோமீட்டர் வரை தெரியும். விளக்கோடு ஒரு சிம் கார்டு இணைந்திருக்கிறது. ஒவ்வொரு விளக்குக்கும் அந்தப் பகுதியைச் சேர்ந்த இரண்டு மூன்று பேர் பொறுப்பு. பக்கத்தில் யானை இருக்கிறது என்று தெரிந்ததும் அவர்கள் தங்கள் செல்போனிலிருந்தே விளக்கை எரியவைக்கலாம், யானை போனதும் அணைக்கலாம். இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் இப்படி வைத்தார்கள். பிறகு சில அரசுப் பேருந்துகளிலும் ஒலிபெருக்கி வழியாக யானை அறிவிப்பு சொல்லும் ஏற்பாடு வந்தது. பேருந்தில் இருப்பவருக்கும் இப்போது செய்தி போய்ச் சேர்கிறது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். தொழில்நுட்பம் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக எதுவும் இல்லை. செல்போன், சிம், விளக்கு, கம்பம். எல்லாமே டவுனில் கிடைக்கிற சாமான்கள். கடினமான வேலை பகலெல்லாம் காட்டோரமும் ஆற்றோரமும் நடந்து யானையைக் கண்டுபிடிப்பவர்களுடையது. சாணத்தையும் காலடியையும் பார்த்து எத்தனை உருப்படி, குட்டி உண்டா, எந்தப் பக்கம் போகும் என்று சொல்லத் தெரிந்தவர்கள் இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல விளக்கும் வெறும் கம்பம்தான்.

யார் கையில் சாவி

எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் மதிப்பாகப் படுவது, விளக்கை எரியவைக்கும் உரிமையை அங்கே வசிப்பவர்களிடமே கொடுத்தது. வேறு மாதிரியும் செய்திருக்கலாம். ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து ஒருவர் எல்லா விளக்கையும் இயக்கலாம். பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு யானை ஆற்றிலிருந்து ஏறி லைனுக்குப் பின்னால் வந்து நிற்பது அலுவலகத்துக்குத் தெரியாது. அந்த லைனில் இருப்பவருக்குத் தெரியும்.

தொடக்கத்தில் ஆய்வுக் குழுவினரே பெரும்பாலும் விளக்கை இயக்கினார்கள். போகப் போக அந்தந்தப் பகுதி மக்களே இயக்குவது கூடியது. யானையைப் பார்த்தவர் குழுவுக்குப் போன் செய்து சொல்வதும் கூடியது. செய்தி வாங்கிக்கொண்டிருந்தவர்கள் செய்தி கொடுப்பவர்களாகவும் ஆனார்கள். பிள்ளைகள் விளையாட்டுக்கு எரியவைப்பார்கள், யாராவது வேண்டுமென்றே பொய்ச் செய்தி கொடுப்பார்கள் என்றெல்லாம் பயப்பட இடமிருந்தது. அப்படி நடந்து இந்த ஏற்பாடு கெட்டுப்போகவில்லை. அந்த வழியில் அடுத்து நடந்து வரப்போவது தன் வீட்டு ஆளாகவும் இருக்கலாம் என்பது எரியவைப்பவருக்குத் தெரியும்.

அணைப்பதும் அதே அளவு முக்கியம். யானை போய் இரண்டு நாளாகியும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால், மூன்றாம் நாள் அதை யாரும் நம்ப மாட்டார்கள். நான்காம் நாள் உண்மையிலேயே யானை வந்து நிற்கும்போது அந்த விளக்கு எரிந்தும் பயன் இருக்காது. அதனால்தான் ஒரு விளக்குக்கு ஒருவர் போதாது. வேலைக்குப் போனவர், ஊருக்குப் போனவர் போக, அங்கே ஒருவராவது இருந்தாக வேண்டும்.

வனத்துறை, எஸ்டேட் நிர்வாகங்கள், கேபிள்காரர், போக்குவரத்துக் கழகம் என்று பல கைகள் சேராமல் இது நடந்திருக்காது. இந்தப் பணிக்காக ஆனந்த குமாருக்கு 2015இல் லண்டனில், இயற்கைப் பாதுகாப்புக்காகத் தரப்படும் விட்லி விருது கிடைத்தது.

பலன் என்ன? முன்பு ஆண்டுக்கு இரண்டு மூன்று உயிர் போய்க்கொண்டிருந்தது, முன்னெச்சரிக்கை வந்த பிறகு ஒன்று அளவுக்குக் குறைந்தது. யானையின் எண்ணிக்கையைக் குறைக்கவில்லை, ஒரு யானையைக்கூட இதற்காக இடம் மாற்றவில்லை. ஆண்டுக்கு ஒன்றிரண்டு குடும்பம் என்று கணக்குப் போட்டால் எண் சின்னதாகத் தெரியலாம். அந்தக் குடும்பங்களுக்குள் போய்ப் பாருங்கள்.

விளக்கு எட்டாத இடம்

சாலை மரணங்களுக்குத் தகவல் பதில் சொன்னது. வீட்டுச் சுவரை யானை இடிப்பதற்குத் தகவல் முழுப் பதில் ஆகாது. தேயிலையைத் தின்னாத யானை, அரிசி, பருப்பு, உப்பு, சர்க்கரை வாசனைக்கு ரேஷன் கடையையும் பள்ளியின் சத்துணவுக் கூடத்தையும் லைன் வீட்டு அடுக்களையையும் தேடி வருகிறது. லைன் வீடுகளில் பல மிகப் பழையவை. அடுக்களைச் சுவருக்கு அந்தப் பக்கமே படுக்கை. 2025 அக்டோபரில் ஓர் எஸ்டேட்டில் நள்ளிரவு தாண்டிய நேரத்தில் வீட்டுக்கு வந்த யானையால் ஒரு பாட்டியும் சின்னஞ்சிறு பேத்தியும் இறந்தார்கள். எச்சரிக்கைச் செய்தி இங்கே என்ன செய்யும்? பாட்டி எங்கேயும் போகவில்லை, வீட்டில்தான் இருந்தார்.

இதற்கு வேறு வகை வேலை வேண்டும். மூட்டை மூட்டையாக அரிசியைக் காட்டோரக் கட்டடத்தில் மாதம் முழுக்க அடுக்கி வைப்பதை நிறுத்தி, வண்டியில் கொண்டுவந்து அன்றே கொடுத்துவிட்டுப் போகலாம். சத்துணவுப் பொருட்களை உறுதியான, காற்றுப் புகாத பெட்டிகளில், பள்ளிக் கட்டடத்துக்குத் தள்ளி வைக்கலாம். லைனைச் சுற்றி நல்ல வெளிச்சம் வேண்டும், குப்பையில் சாப்பாட்டு மிச்சம் கிடக்கக் கூடாது. இவை எல்லாவற்றையும்விட, தொழிலாளிக்குப் பலமான வீடு வேண்டும். நூறு ஆண்டு தேயிலை பறித்துக் கொடுத்த குடும்பத்துக்கு யானை தள்ளினால் விழாத சுவரைக் கட்டிக் கொடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் செலவில் வராது என்று யாராவது சொன்னால், எனக்கு அதை ஏற்க முடியாது.

ஆற்றங்கரையும் அப்படித்தான். யானை பகலில் எங்கே அமைதியாக நிற்கிறது என்று தெரிந்துவிட்டது. அந்த மரக்கூட்டத்தை வெட்டாமல், அங்கே புதிய கட்டடமும் தங்கும் விடுதியும் வராமல் பார்த்துக்கொண்டால், மாலையில் அது எங்கிருந்து புறப்படும் என்று சொல்வதும் சுலபம். கரை போய்விட்டால் யானை எங்கேயாவது நிற்கும், தேடிப் பிடித்துச் செய்தி அனுப்புவது கஷ்டம்.

மற்ற ஊர்களுக்கு இதை அப்படியே தூக்கிப் பொருத்த முடியாது. கென்யாவில் லூசி கிங் என்ற ஆய்வாளர், யானைக்குத் தேனீ என்றால் பயம் என்பதை வைத்துத் தேன்கூட்டு வேலி அமைத்தார். பத்து மீட்டருக்கு ஒன்றாகத் தேன்பெட்டியைக் கம்பியில் தொங்கவிட்டால், யானை கம்பியில் இடிக்கும்போது பெட்டிகள் ஆடித் தேனீக்கள் கிளம்பும். சின்னச் சின்ன விளைநிலங்களுக்கு அது நன்றாகப் பொருந்துகிறது, விவசாயிக்குத் தேனும் கிடைக்கிறது. இலங்கையில் பிருதுவிராஜ் பெர்னாண்டோவின் குழு, காட்டு எல்லையில் அரசாங்கம் போடும் வேலிக்குப் பதிலாக ஊரையும் வயலையும் சுற்றி ஊர்க்காரர்களே போட்டுப் பராமரிக்கும் மின்வேலியை முன்வைத்தது. வயல் வேலியை அறுவடை முடிந்ததும் கழற்றிவிடுவார்கள், வயலில் மிஞ்சிய தாளை யானை மேய்ந்துகொள்ளும். கோவை மதுக்கரையில் ரயில் பாதையை யானை கடக்கும் இடத்துக்கு 2024இல் கோபுரமும் வெப்பக் கேமராவும் செயற்கை நுண்ணறிவும் வந்திருக்கின்றன. ரயில் ஓட்டுநருக்கு எச்சரிக்கை போகிறது. அங்கே அது சரி, ஏனென்றால் காக்க வேண்டிய இடம் சில கிலோமீட்டர் தண்டவாளம், செய்தி போக வேண்டியதும் சில பேருக்குத்தான். வால்பாறையில் செய்தி போக வேண்டியது ஒவ்வொரு லைனுக்கும்.

அந்த லைன்களில் இருப்பவர்களும் மாறிக்கொண்டிருக்கிறார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிப் போய்விட, பச்சைத் தேயிலை பறிக்க ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. அவர்களின் எண் பட்டியலில் ஏற நாளாகும். ஏறினாலும் அவர்களுக்குப் புரிகிற மொழியில் செய்தி போக வேண்டும். எந்த நேரத்தில் எந்தப் பாதையில் நடக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுக்க அவர்களுக்கு இங்கே தாத்தா பாட்டி இல்லை. அதுவரை அவர்களுக்கு மிஞ்சியது கம்பத்தில் எரியும் அந்தச் சிவப்பு விளக்கு மட்டும்தான், அதைப் படிக்க எந்த மொழியும் தெரிய வேண்டாம். முதல் நாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் மஸ்டரிலேயே யாராவது ஒருவர் கையை நீட்டி அதைக் காட்டி, இது எரிந்தால் அந்தப் பக்கம் போகாதே என்று சொல்லிவிட வேண்டும்.